கடைமடைப் பல்பு: ஒரு சிமுலேஷன் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரே ஒன்றியத்தின் அரசுப் பள்ளி அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை பயிற்சி நடத்தினோம். இரண்டிலும் கருவி ஒன்றுதான்: திரையில் மாணவர்களே தொட்டு, இழுத்து, மாற்றிப் பார்க்கக்கூடிய சிமுலேஷன்கள். வந்தவர்களும் பெரும்பாலும் அதே முப்பது பேர். முதல் பயிற்சியால் வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. இரண்டாவதற்குப் பிறகு சில வகுப்புகளில் நான் பார்த்தவை, இத்தனை ஆண்டு ஆசிரியர் வேலையில் அதற்கு முன் பார்க்காதவை. பயிற்சி நடத்திய கருத்தாளர்களில் ஒருவனாக இருந்ததால் இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளிகளின் பெயரையும் ஆசிரியர்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கையில் என்ன இருந்தது

கருவிக்குப் பஞ்சம் இல்லை. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு உண்டு. பல பாடங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதியும் உண்டு. கணிதம் என்றால் அங்கே ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருள் இருக்கும், அறிவியலில் பல இடங்களில் ஃபெட் சிமுலேஷன்கள் இருக்கும். 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் எனும் கணினி ஆய்வகமும் வந்துவிட்டது.

ஃபெட் என்பது, 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். முழுக்க இலவசம். ஆரம்பத்தில் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் ஓடியது. 2020 கடைசியோடு ஃபிளாஷ் நிறுத்தப்பட்டது, ஆனால் அதற்குள் முக்கியமான பல சிமுலேஷன்கள், பிரவுசரிலேயே நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாறியிருந்தன. நம் பள்ளிகளுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரு சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டால், நெட் இல்லாத லேபிலும் பிரவுசரில் ஓடும். பலவற்றுக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது. ஜியோஜீப்ராவோ, 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. அதையும் வகுப்பில் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

ஆக, கணினி இருந்தது, சிமுலேஷன் இருந்தது, பாடநூலில் இடமும் இருந்தது. நடுவில் இருந்த ஆசிரியருக்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்பதில்தான் பிசகு.

முதல் பயிற்சி: ஒரே நாளில் பதினொரு சிமுலேஷன்

ப்ரொஜெக்டரைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு சிமுலேஷன்களைக் காட்டினோம். மின்சுற்று, ஊசல், ஒளிவிலகல், அணு கட்டுதல், வேதிச் சமன்பாடு, பின்னம் என்று வரிசையாகப் போனது. எந்த இணைப்பில் கிடைக்கும், எப்படி இறக்குவது, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்றெல்லாம் சொன்னோம். மதியம் எல்லா இணைப்புகளையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பின்னூட்டப் படிவத்தில் ஏறக்குறைய எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிகளுக்குப் போனோம். ஒரு பள்ளியில் ஆசிரியர் மின்சுற்று சிமுலேஷனைத் திரையில் போட்டு, தானே வயரை இணைத்தார். “இப்ப எலக்ட்ரான் போகுது பாருங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்றேன், நிக்குது பாருங்க.” பிள்ளைகள் பார்த்தார்கள். பேட்டரியை ஷார்ட் செய்தபோது அது தீப்பிடிக்க, கை தட்டினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் கரும்பலகையில் வழக்கமான பாடம் தொடர்ந்தது. மாணவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக உண்டாக்கப்பட்ட ஒன்றை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து டிவி ஆக்கிவிட்டிருந்தோம்.

இன்னொரு பள்ளியில் ஆசிரியர் நிறைய உழைத்திருந்தார். மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, கையில் ஒரு படித்தாள் கொடுத்திருந்தார். படி 1: பேட்டரியை இழுக்கவும். படி 2: பல்பை இழுக்கவும். இப்படிப் பதினான்கு படிகள். எல்லோரும் பதினான்கையும் முடித்தார்கள், எல்லோருடைய அட்டவணையிலும் ஒரே எண்கள். தாளில் இல்லாத எதையும் ஒரு பிள்ளைகூடத் தொடவில்லை. கொலராடோ குழுவினர் மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கவனித்தபோது கண்டதும் இதுதான். அடிக்கு அடி வழி சொல்லும் தாள் கையில் இருந்தால் மாணவர் அதை முடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பெரிய கேள்வி ஒன்று மட்டும் இருந்தால் தானாகத் துழாவ ஆரம்பிக்கிறார். 2008-ல் அவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கோ அந்த வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அந்த இரண்டு ஆசிரியர்கள் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் அவர்களுக்குக் காட்டினோம், அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பயிற்சியில் எது நடக்கிறதோ அதுதான் வகுப்புக்குப் போகிறது. பயிற்சியில் எதைச் சொல்கிறோம் என்பது அவ்வளவாகப் போவதில்லை.

இரண்டாம் பயிற்சி: ஒரு கேள்வி

இந்த முறை இரண்டு நாள். அறிவியலுக்கு ஒரே ஒரு சிமுலேஷன், கணிதத்துக்கு ஒரே ஒரு ஜியோஜீப்ரா செயல்பாடு. காலையில் ப்ரொஜெக்டரைத் தொடவே இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, கரும்பலகையில் ஒரு மின்சுற்றை வரைந்தோம். ஒரு பேட்டரி, தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். நேர்முனையிலிருந்து வரும்போது முதலில் இருப்பது ‘அ’, அடுத்தது ‘ஆ’. எது அதிகமாக ஒளிரும்? எழுதி, காரணமும் எழுதி, மடித்து வைக்கச் சொன்னோம்.

முதலில் கணிப்பு, பிறகு பார்வை, பிறகு விளக்கம். ஆஸ்திரேலியாவின் ஒயிட், கன்ஸ்டோன் என்ற இருவரால் 1992 வாக்கில் பரவலாக அறியப்பட்ட முறை இது. புதிதல்ல. ஆனால் ஆசிரியர்களிடமே இதைச் செய்துபார்க்க எங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. தவறாக எழுதினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அதனால் தாளில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

தாள்களைக் குலுக்கிப் படித்தபோது பதில்கள் மூன்று பக்கமும் பிரிந்திருந்தன. ‘இரண்டும் சமம்’ என்பவர்கள் இருந்தார்கள், ‘ஆ’ என்பவர்கள் சிலர். ‘அ’ என்பவர்களும் கணிசமாக இருந்தார்கள். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர் தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். ஓம் விதிக் கணக்கைப் பிழையில்லாமல் போடுவார். கணக்கு வேறு, மனதில் இருக்கும் படம் வேறு.

பெயர் வேண்டாம் என்று சொல்லியும் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். “அது நான் எழுதினதுதான் சார். எங்க வயல் கடைமடை. வாய்க்கால்ல தண்ணி விட்டா மொத மடைக்காரங்க பாய்ச்சினது போக மிச்சம்தான் எங்களுக்கு வரும். கரண்டும் அப்படித்தானே? மொத பல்பு எடுத்தது போக மிச்சம்தான் ரெண்டாவதுக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. டெல்டாவில் கடைமடை என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது தர்க்கப்படி முழுமையானது, ஊர் அனுபவத்திலிருந்து வந்தது. மின்னோட்டம் பல்பில் ‘செலவாகிவிடுகிறது’ என்ற இந்த எண்ணத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெக்டெர்மாட், ஷாஃபர் இருவரும் கல்லூரி மாணவர்களிடமே கண்டு 1992-ல் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே வாய்க்கால் இல்லை, ஆனால் பிழை அதேதான்.

சரி என்று இரண்டிரண்டு பேராகக் கணினி முன் உட்கார்ந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் எந்த அறிவுரையும் இல்லை, இஷ்டம்போல் விளையாடலாம். கருத்தாளர்களான எங்களுக்கு ஒரு விதி: கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், யாருடைய மவுஸையும் தொடக் கூடாது. அன்று எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த ஐந்து நிமிடம்தான். ஒருவர் வயரை வெட்டத் தெரியாமல் தடுமாறுகிறார், எனக்குத் தெரிகிறது, கை துடிக்கிறது. ஆனால் பேசாமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

அப்புறம் சுற்றைக் கட்டினார்கள். ஃபெட்டின் அந்த மின்சுற்று சிமுலேஷனில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பல்பு மட்டும் இருக்கும்போது அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டுகிறது. இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் 0.45. ஆசிரியை முதல் பல்புக்கு முன்னால் அம்மீட்டரை வைத்தார்: 0.45. இரண்டு பல்புக்கும் நடுவில்: 0.45. இரண்டாவதைத் தாண்டி: 0.45. மறுபடியும் முதல் இடத்துக்குப் போய் ஒருமுறை வைத்துப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை.

“வாய்க்கால்ல தண்ணி வயல்ல இறங்கிடுது. இங்க எதுவும் இறங்கலையே. போனது அப்படியே திரும்பி வருது.”

பக்கத்துக் கணினியில் இருந்த இளைஞர் கேட்டார்: “எதுவும் இறங்கலேன்னா பல்பு எப்படி மேடம் எரியுது? ஏதோ ஒண்ணு இறங்கித்தானே ஆகணும்?”

அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் பயிற்சி நடத்தவில்லை, அவர்களே நடத்திக்கொண்டார்கள். இறங்குவது ஆற்றல், மின்னூட்டம் அல்ல என்ற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிட்டது. நடுவில் ஒருவர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். பேட்டரி அதேதான், ஆனால் பல்பு சேர்ந்ததும் 0.90 பாதியானது ஏன்? பேட்டரி எப்போதும் ஒரே அளவு கரண்ட் கொடுக்கும் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். பக்க இணைப்பில் போட்டுப் பார்த்தார்கள், பேட்டரியிலிருந்து 1.80 போகிறது. அப்போது அறையில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குச் சிமுலேஷனை ஓட்டக் கற்றுக்கொடுப்பது அரை மணி நேர வேலை. தான் நம்பியிருந்த ஒன்று திரையில் உடைவதை அவரே ஒருமுறை அனுபவிக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவர் பிள்ளைகளிடம் கணிப்பு கேட்க மாட்டார், கேட்டாலும் பதிலுக்காகக் காத்திருக்க மாட்டார்.

கெட்டுப்போன கோடு

கணித அறையில் நடந்தது திட்டமிடாதது. பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்பதைப் பார்க்க y = 2x, y = −0.5x என்ற இரண்டு கோடுகளை ஜியோஜீப்ராவில் வரைந்திருந்தார்கள். ஒருவர் கை தவறி x அச்சைப் பிடித்து இழுத்துவிட்டார். அச்சின் அளவு மாறி, கோடுகள் செங்குத்தாகத் தெரியாமல் போயின. “சார், கெட்டுப்போச்சு.”

பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தப் போன என்னைச் சக கருத்தாளர் தடுத்தார். “கெட்டுப்போச்சா? எது மாறியிருக்கு, எது மாறலைன்னு பாருங்க.” சமன்பாடுகள் மாறவில்லை. சாய்வுகள் மாறவில்லை, பெருக்கினால் இன்னும் −1 தான். கண்ணுக்குத் தெரியும் கோணம் மட்டும் மாறியிருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் தன் வரைபடத் தாளை எடுத்தார். தேர்வில் x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று பிள்ளைகள் எடுப்பது சாதாரணம். அப்படி வரைந்த கோட்டில் கோணமானி வைத்து அளந்து டேன் மதிப்பு பார்த்தால் சாய்வு வராது. “இத்தனை வருஷமா இதை நான் ஒரு தடவைகூட வகுப்புல பேசினதில்ல” என்றார். மறுநாள் அவர் எழுதிய பாடக்குறிப்பே அச்சை வேண்டுமென்று இழுப்பதில்தான் தொடங்கியது.

சிமுலேஷன் எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது

இரண்டாம் நாள் காலையை இதற்கென்று ஒதுக்கினோம். திரையில் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாகக் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் ஓடுகின்றன. உண்மையான கம்பியில் அவை சராசரியாக நகரும் வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. திரையில் பல்பின் மின்தடை 10 ஓமில் அப்படியே நிற்கிறது. கடையில் வாங்கும் இழை பல்பில் இழை சூடானால் மின்தடை ஏறும். அதனால் இரண்டைத் தொடரில் போட்டால் மின்னோட்டம் சரியாகப் பாதியாகாது, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதெல்லாம் தெரியாமல் வகுப்புக்குப் போனால், நிஜப் பொருளோடு திரை ஒத்துப்போகாத முதல் தடவையே ஆசிரியர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுவார்.

ஒரு ஆசிரியை வேறொரு கவலையைச் சொன்னார். பேட்டரி தீப்பிடிப்பதைப் பார்த்து ரசித்த பிள்ளை வீட்டு ப்ளக்கில் முயன்றால்? நாங்கள் யோசிக்காதது. 230 வோல்ட்டைப் பற்றிய எச்சரிக்கையை எல்லோரும் பாடக்குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிக்கொண்டார்கள்.

பிறகு கேள்வி எழுதும் வேலை. ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி, ஒரே வரியில். முதலில் எல்லோரும் ‘ஓம் விதியைச் சரிபார்க்க’ என்றே எழுதினார்கள். சரிபார்ப்பதில் பிள்ளைக்கு யோசிக்க என்ன இருக்கிறது? விடை முன்பே தெரிந்துவிட்டது. அடித்து அடித்து எழுதி, மதியத்துக்குள் ஒரு குழு இங்கே வந்து நின்றது: ‘பல்பின் வழியே போகும் மின்னோட்டத்தை எத்தனை வழிகளில் பாதியாக்கலாம்?’ பேட்டரியைப் பாதியாக்கலாம், இன்னொரு பல்பைத் தொடரில் சேர்க்கலாம், 10 ஓம் மின்தடை போடலாம். ஒரே விடை இல்லாததால் பக்கத்துக் கணினியைப் பார்த்து எழுதியும் பயனில்லை.

நிஜப் பொருள்களை விட்டுவிட்டு ஏன் திரையில் செய்ய வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது, நியாயமான கேள்வி. கொலராடோ குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மின்சுற்றை இந்த சிமுலேஷனில் மட்டும் பயின்ற கல்லூரி மாணவர்கள், நிஜக் கருவிகளில் பயின்றவர்களைவிட நிஜச் சுற்றைக் கட்டி விளக்குவதிலும் நன்றாகச் செய்தார்கள். அதற்காக நிஜ பல்பைத் தூக்கிப் போடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கடைசியில் வருகிறது.

கடைமடை டீச்சரின் வகுப்பு

ஐந்து வாரம் கழித்து அவருடைய பள்ளிக்குப் போனேன். லேபில் ஓடும் கணினிகள் பத்து, பிள்ளைகள் முப்பதுக்கும் மேல். ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் என்றால் வழக்கமாக ஒரு துடிப்பான பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மவுஸ் பிடிப்பவர் முடிவு சொல்லக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். நாங்கள் சொல்லிக்கொடுக்காத இந்த விதியை இப்போது எல்லாப் பயிற்சியிலும் சேர்த்துவிட்டோம்.

கணிப்பை எழுத வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு பெண் கை தூக்கினாள்.

“டீச்சர், பேட்டரியை இன்னும் சேர்க்கவே இல்ல. ஆனா வயர்ல நீலப் புள்ளி எல்லாம் ஏற்கனவே இருக்கு. அது பேட்டரியிலருந்துதானே வரணும்?”

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: “இவ சொல்றது சரிதானே? புள்ளி முன்னாடியே இருக்குன்னா, பேட்டரிக்கு அங்க என்ன வேலை?”

“தள்ளுது” என்றான் ஒருவன். “எல்லாத்தையும் சேத்துத் தள்ளுது” என்றாள் இன்னொருத்தி. “தேர் வடம் மாதிரி டீச்சர். முன்னாடி இழுத்தா பின்னாடி இருக்கறதும் அப்பவே நகரும்.” ஸ்விட்ச் போட்ட கணத்தில் தூரத்து பல்பும் எரிவது ஏன் என்பதற்கு நான் வகுப்பில் தந்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

எல்லாப் பள்ளியிலும் இப்படி நடக்கவில்லை. சில இடங்களில் லேப் எப்போதும் இணையத் தேர்வுக்கோ பதிவேற்ற வேலைக்கோ போய்விடுகிறது. பாடவேளை நாற்பது நிமிடம், அதில் பத்து நிமிடம் லேபுக்கு நடந்து கணினியைப் போடவே சரியாகிவிடும். பத்தாம் வகுப்புக்கு ஒரே கணித ஆசிரியர் என்றால் பாடத்தை முடிக்கும் அவசரம் வேறு. ஒன்றைத் தெளிவாகப் பார்த்தேன். ஒரே பள்ளியிலிருந்து இருவர் பயிற்சிக்கு வந்த இடங்களில் இது தொடர்ந்தது. தனியாக வந்தவர்களில் பலர், நாங்கள் இரண்டாவது முறை போவதற்குள் பழைய வழிக்குத் திரும்பியிருந்தார்கள். அடுத்த பயிற்சிக்கு ஆள் அழைக்கும்போது பள்ளிக்கு இருவர் என்று கேட்கப்போகிறோம்.

டீச்சரின் வகுப்புக்கு மறுநாளும் போனேன். அன்று நிஜப் பொருள்கள். டார்ச் பேட்டரி, வயர், கடைத்தெருவில் வாங்கிய இரண்டு சின்ன பல்புகள். தொடரில் போட்டார்கள். முதல் பல்பு நன்றாக எரிந்தது, இரண்டாவது மங்கல். முதல் நாள் ‘அ’ என்று எழுதியிருந்த பையன் துள்ளி எழுந்தான். “பாத்தீங்களா டீச்சர்? நான் சொன்னேன்ல!”

எனக்குப் பகீரென்றது. ஒரு நாள் முழுக்கக் கட்டியதை இரண்டு ரக பல்பு கவிழ்த்துவிடும் போலிருந்தது. ஆசிரியை பதறவில்லை. “சரி, நீயே வந்து ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போடு. எது நல்லா எரியும்னு முதல்ல சொல்லிட்டுப் போடு.”

“மொதல்ல இருக்கறதுதான்” என்று சொல்லிவிட்டு மாற்றிப் போட்டான். இப்போது இரண்டாவது இடத்தில் இருந்த பல்பு நன்றாக எரிந்தது. கழற்றி இன்னொரு முறை மாற்றினான். பல்போடு சேர்ந்து வெளிச்சமும் இடம் மாறியது. பல்பை விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்த்தான். யாரிடமும் கேட்காமல் கணினிக்குப் போய், திரையில் ஒரு பல்பின் மின்தடையை 10-லிருந்து 20 ஆக்கினான். அது அதிகமாக ஒளிர்ந்தது. இடம் மாற்றினான். அப்போதும் அதுவே ஒளிர்ந்தது.

“ரெண்டும் ஒரே பல்பு இல்ல டீச்சர்” என்றான். “கடைக்காரர் மாத்திக் குடுத்துட்டார்.”